பல் டாக்டரின் சார்ஜ் ஏறாத வாட்ச்

ஓடிக்கொண்டே மைதானத்தின் கடைசி வளைவில் திரும்பும்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கெல்லாம் அவள் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் அதே நேரம் பார்த்து மணிக்கட்டில் இருந்த வாட்ச் ஒரு தரம் அதிர்ந்து அணைந்துபோனதே... அதற்குத்தான் பயந்துபோனாள்.

"ஐயோ, இப்பவா..."

காலரிக் கூரைக்கு அடியில் ஓடி நின்றாள். அங்கே ஏற்கெனவே ஒருவன் மழைக்கு ஒதுங்கியிருந்தான். தோளில் பை, கையில் போன், ஊரே நனைந்தாலும் எனக்கென்ன என்கிற மாதிரி ஒரு நிதானம்.

"சார்... உங்க போனைக் கொஞ்சம் தர முடியுமா? அவசரம்."

"என்னாச்சுங்க? யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

"வாட்ச் ஆஃப் ஆயிடுச்சு."

அவன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. "அதுக்கா இந்தப் பாடு? மணி வேணும்னா நான் சொல்றேனே..."

என்ன மனுஷன் இவன்! அவள் முறைத்த முறைப்பில் போன் சட்டென்று கை மாறியது.

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். இவள் குரல் கேட்டதுமே வெடித்தாள். "எங்கடி இருக்க? புள்ளி காணாமப் போச்சு, துடிப்பும் காட்டல! நான் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன்!"

"ஒண்ணுமில்லம்மா... சார்ஜ் தீர்ந்துடுச்சு..."

"எத்தனை தடவைதான் தீரும்? இன்னொரு வாட்டி அது அணைஞ்சுதுன்னா உன் ஓட்டமும் அத்தோட சரி. சொல்லிட்டேன்!"

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் ஆளரவம் இல்லாத ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். யாரோ பார்த்துத் தகவல் சொல்லும்வரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடியதுதான் காரணம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் மனசுக்கு யார் சொல்வது? கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். சிம் போட்ட இந்த வாட்ச் அவள் இருக்கும் இடத்தையும் இதயத் துடிப்பையும் அம்மாவின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்புகிறவரை ஓடலாம். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே கிடக்கிறவளுக்கு அந்த ஓட்டம்தான் உயிர்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"கொஞ்சம் காட்டுங்க." வாட்ச்சை வாங்கிப் புரட்டினான். முதுகில் பொட்டுப் பொட்டாக நாலு உலோகப் புள்ளிகள். "சார்ஜ் விட்டு விட்டு ஏறுதா?"

"ஆமா. அழுத்திப் பிடிச்சா ஏறும், கையை எடுத்தா நின்னுடும். நீங்க வாட்ச் ரிப்பேரா?"

"இல்லீங்க. காது கேக்காதவங்களுக்கு மெஷின் வெச்சு விடறவன். அதுவும் வேர்வை பட்டா இப்படித்தான் மக்கர் பண்ணும்." கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "ஆனா இது வேர்வை மாதிரி தெரியலையே... வெள்ளையா என்னமோ அப்பியிருக்கு. எதை வெச்சுத் துடைக்கிறீங்க?"

"துடைக்கிறதா? தினமும் தேய்க்கிறேன்! பல்லுக்குப் பாலிஷ் போடுற பேஸ்ட், குட்டி பிரஷ். வாட்ச், சார்ஜர் ரெண்டையும். நான் பல் டாக்டர்," என்றாள் பெருமையாக.

அவ்வளவுதான். போன சிரிப்பு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. "ஏங்க... அதுக்கு என்ன சொத்தையா விழப் போகுது?"

வெடுக்கென்று வாட்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள். "சுத்தம் பண்றதைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்!"

கொட்டுகிற மழையிலேயே இறங்கி நடந்தாள். "எதிர்ல மருந்துக்கடை மாடிதான் நம்ம இடம்... வேணும்னா வாங்க!" என்ற குரலுக்கு அவள் திரும்பவில்லை. ஆனால் சிரிக்கும்போது பாதி மூடிக்கொள்கிற அந்தக் கண்கள் மட்டும் வீடுவரை கூடவே வந்தன. சனியன்!

வீட்டில் அவளுக்கும் சார்ஜருக்கும் பெரிய போராட்டமே நடந்தது. அடாப்டரை மாற்றிப் பார்த்தாள். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினாள். அதன் மேல் தடி புத்தகம் ஒன்றை வைத்தாள். சார்ஜர் விளக்கு எரியும்... அவள் மூச்சு விட்டால் அணையும். கம்பெனி சர்வீஸில் கேட்டால், வைத்துவிட்டுப் போங்கள், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஒரு மாதம் ஓடாமலா? இன்னும் கொஞ்சம் நன்றாகத் தேய்த்தால்? மறுபடி பேஸ்ட்டைப் பிதுக்கித் தேய்த்தாள். அதோடு அந்த விளக்கு எரிவதையே விட்டுவிட்டது.

வேறு வழி? வீம்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் மருந்துக்கடை மாடி ஏறினாள்.

அவன் சிரிக்கவில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை இழுத்து, சார்ஜரை அதன் அடியில் வைத்தான். "வாங்க, நீங்களே பாருங்க. வாட்ச் புள்ளியைத் தொடுற நாலு முள் இருக்கா? மூணு எட்டிப் பார்க்குது. நாலாவது?"

"உள்ளேயே இருக்கே..."

"உங்க பேஸ்ட் காஞ்சு இறுகிப்போய் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. அமுக்கினா படும், விட்டா படாது. நீங்க தேய்க்கத் தேய்க்க இன்னும் கெட்டியாகும்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பார்த்துப் பார்த்துச் செய்த காரியம்தான் கழுத்தை அறுத்திருக்கிறது!

அவன் மரக்குச்சி முனையால் இறுகிய பேஸ்ட்டைச் சுரண்டினான். காய்ந்த பிரஷ்ஷால் தட்டினான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாலு முள்ளையும் நாலு புள்ளியையும் ஒற்றி எடுத்தான். கைக்குழந்தைக்கு மை வைக்கிற பதவிசு அந்த விரல்களில். டக்கென்று நாலாவது முள் எழும்பியது.

"ஓடிட்டு வந்ததும் வெறும் தண்ணியில அலசுங்க, நல்லாத் துடைங்க, ஈரம் காஞ்சதும் சார்ஜ் போடுங்க. பேஸ்ட்டை மட்டும் பேஷண்ட்டுங்களோட நிறுத்திக்குங்க."

வாட்ச்சைப் பொருத்தினான். சார்ஜர் விளக்கு எரிந்தது. வயரை ஆட்டினான்... எரிந்தது. மேஜையைத் தட்டினான்... அப்போதும் எரிந்தது. அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"அட, என்னங்க இது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்தது, அம்மா, ஓட்டம், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவனின் தலை மெல்லக் குனிந்தது. "நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க." தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டிவிட்டு, தானும் ஒரு மடக்குக் குடித்தான். முகம் சுளித்தது; கை வலது தாடையின் கோடியைப் பிடித்துக்கொண்டது.

"வலது பக்கம், கீழே, கடைசிப் பல்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே..."

"எத்தனை நாளா வலிக்குது? பல் டாக்டர்னா பயமா?"

"பயமெல்லாம் இல்ல... பிடிக்காது, அவ்வளவுதான்."

மறுநாளே அவனைத் தன் கிளினிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். ஊசியைப் பார்த்ததும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவனைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது. அடுத்த வாரம் ஒரு முறை, அதற்கடுத்து ஒரு முறை வந்தான். பல் சரியாகிவிட்டது. வாட்ச்சும் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். இவளுக்குத்தான் தூக்கம் போனது. இனி எந்தச் சாக்கில் அவனைப் பார்ப்பது? பொய்யாக ஒரு கோளாறு சொல்லிக்கொண்டு போக மானம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு விடிகாலை, மைதானத்தைச் சுற்றி வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். காலரிப் படியில் அவன்! அழுக்குப் படாத புது ஷூ, அதைவிடப் புதிதாக ஒரு தவிப்பு.

"ஓட வந்தீங்களா?"

"இல்ல... எனக்கு ஓட்டம்னாலே ஆகாது. உங்ககிட்ட ஒண்ணு..." என்று குனிந்து ஷூ லேஸை இழுத்தான். தூறல் ஆரம்பித்தது. அவன் பார்த்தான்... அவள் பார்த்தாள்...

வாட்ச் அலறியது. அம்மா! விரல் பட்டதும் குரல் மைதானம் பூராவும் கேட்டது.

"என்னடி ஆச்சு? புள்ளி நகரவே இல்ல, துடிப்பு மட்டும் கிடுகிடுன்னு ஏறுது! மயக்கமா வருதா? உக்காரு, நான் வரேன்!"

"ஒண்ணுமில்லம்மா..."

"ஒண்ணுமில்லாம இப்படிக் காட்டுமா? இல்ல, வாட்ச் மறுபடியும் கோளாறா? அப்படின்னா இன்னையோட..."

கோளாறு என்று சொன்னால் இந்த நிமிஷம் தப்பிக்கலாம், ஓட்டம் போய்விடும். தலை சுற்றுகிறது என்றாலும் அதே கதிதான். உண்மையைச் சொல்லலாம் என்றால்... எதிரிலேயே நிற்கிறானே! கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வாட்ச் சரியாத்தாம்மா காட்டுது. எனக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல. இதைச் சரி பண்ணிக் குடுத்தவர் எதிர்ல நிக்கிறார். அவரைப் பார்த்தா... எனக்கு இப்படித்தாம்மா ஆகுது."

அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம். பிறகு நீளமாக ஒரு மூச்சு.

"அப்பாடா... அவ்வளவுதானா! உயிரே போயிடுச்சுடி எனக்கு." சட்டென்று குரல் தாழ்ந்தது. "ஆமா... நாம பேசறது அவருக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்கம்மா," என்று அவன் அவள் மணிக்கட்டுக்கு அருகே குனிந்தான். கண்கள் பாதி மூடிச் சிரித்தன. "என் கையில இந்த மாதிரி வாட்ச் இல்லீங்க. இருந்திருந்தா இந்நேரம் எங்க வீட்டுலேருந்தும் போன் வந்திருக்கும்."