கயிற்றில் ஏறிய கனம்

மெழுகுவர்த்தியின் சுடர் புகைபோக்கியின் வாய்ப்பக்கம் சாய்ந்தது. நல்ல சகுனம்தான், உள்ளே காற்றின் இழுப்பு இருக்கிறது என்று நீவெஸ் நிமிர்வதற்குள் அது திரும்பி அவள் முகத்தின் பக்கம் சாய்ந்தது. பிறகு உள்ளே. பிறகு வெளியே. தன் மூச்சுதான் படுகிறதோ என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். சுடர் அதே நிதானத்தில் போய்வந்துகொண்டிருந்தது.

"மலையில பனிக்காத்து கிளம்பிடுச்சு, வேற ஒண்ணுமில்ல," என்றான் அவள் கணவன் ரொமானோ. "குழாய இறக்கிட்டா அடங்கிடும்."

அவளுக்கு அதை நம்ப வேண்டியிருந்தது. மாடியறையில் பத்து மாதக் குழந்தை லீவியா மூச்சிரைப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள். விறகுப் புகை இனி ஒரு துளியும் கூடாது, வீடு காய்ந்து கதகதப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைப் பிள்ளை தாங்காது என்று உதினே நகர மருத்துவமனையில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சமையலறையில் நின்றது. தொல்மெட்ஸோவிலிருந்து வர வேண்டிய புகைபோக்கிக்காரர் பனி விழுந்தால் வரமாட்டேன் என்று கைவிரித்துவிட்டார். பனி விழ ஆரம்பித்திருந்தது.

அந்த அடுப்பைப் பொருத்த, அகலமான பழைய புகைபோக்கிக்குள் ஒடுக்கமான எஃகுக் குழாயை மேலிருந்து இறக்க வேண்டும். மற்ற ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட வேண்டும். மாடியறைச் சுவரில் சின்ன இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பன்றி இறைச்சியைப் புகைபோக்கிக்குள் தொங்கவிட்டுப் புகை போட்ட வழி அது. சிமெண்டைக் குழைத்து வைத்தும் ரொமானோ அதை அடைக்கவில்லை. குழாய் நடுவில் சிக்கினால் கைவிட்டு எடுக்க வேண்டுமாம். அதுவரை திறந்தே இருக்கட்டும் என்றான்.

காலையில் தூரிகை விட்டுத் தேய்த்தபோது ஒரு பிடி கரிகூட விழவில்லை. "உங்க அத்த அவ்ளோ சுத்தக்காரியா? சாப்பிட்ட தட்டையே கழுவமாட்டாங்களே!" என்று ரொமானோ சிரித்தான். நீவெஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை இந்த வீட்டில் வாழ்நாளெல்லாம் விறகு எரித்த புகைபோக்கியில் கரி எங்கே போயிருக்கும்?

வாயில் துணி கட்டிக்கொண்டு ரொமானோ கூரையேறினான். கத்தினாலும் காற்றில் கேட்காது என்பதால் கயிறுதான் பேச்சு. ஒரு முறை வெட்டி இழுத்தால் நிறுத்து, இரண்டு முறை வெட்டினால் இழு.

புகைபோக்கி வழியே கயிறு கீழே நீவெஸின் கைக்கு இறங்கி வந்தது. வெளியே ஏதோ விழுந்த சத்தம். பக்கத்து வீட்டுத் தகரமாக இருக்கும் என்று நினைத்தாள். கயிறு இரண்டு முறை வெட்டியது. அவள் இழுத்தாள். கனமாக வந்தது. எஃகு செங்கல்லில் உரசிக் கீச்சிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள், ஆனால் ஒரு சத்தமும் இல்லாமல், தூங்கும் நாயைச் சாக்கோடு இழுப்பதுபோல் மெத்தென்று இறங்கியது அது. நனைந்த கம்பளி வாடை அடித்தது.

ஒரு முறை வெட்டினாள். நிறுத்து.

இரண்டு வெட்டு பதிலாக வந்தது.

வாசற்கதவு திறந்தது. தொப்பியெல்லாம் பனியோடு ரொமானோ நின்றான்.

"குழாய் வழுக்கி முற்றத்துல விழுந்துருச்சு. வந்து ஒரு கை பிடி."

"அப்ப இதுல என்ன கட்டியிருக்க?"

"நான் எதையும் கட்டலயே. கயித்தோட நுனிய மேல கொக்கியில மாட்டிட்டு வந்தேன்."

அவள் கையிலிருந்த கயிறு வெட்டியது. இரண்டு முறை. ரொமானோ அதைப் பார்த்தான். பிறகு மாடிப்படி பக்கம் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த இரும்புக் கதவு நினைவுக்கு வந்தது. அவன் ஓடினான்.

தலைக்கு மேலே காலடிகள். கட்டில் நகரும் சத்தம்.

"நீவெஸ்! பாப்பா உங்கிட்டயா இருக்கா?"

புகைபோக்கிக்குள் மூச்சிரைப்புக் கேட்டது. இழுத்து இழுத்து, முடிவில் ஒரு சின்ன விசிலோடு. பத்து மாதமாகத் தூங்கவிடாத மூச்சு. அவள் பிள்ளையின் மூச்சு.

இழுத்தால் விழுந்துவிடுவாளோ? விட்டால் மேலே போய்விடுவாளோ?

இழுத்தாள். கை எரிந்தது. அழுதுகொண்டே இழுத்தாள். "அம்மா இருக்கேன்டா, வந்துடு, வந்துடு கண்ணு."

இருட்டிலிருந்து ஒரு பாதம் இறங்கியது. சின்னப் பாதம். வெறும் பாதம். கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைப் பற்றினாள். வெதுவெதுப்பாக இருந்தது. உயிரோடு இருக்கிறாள். கடவுளே, உயிரோடு இருக்கிறாள்.

"கெடச்சுட்டா!" மாடியில் ரொமானோ கத்தினான். அழுகையும் சிரிப்புமாக. "கட்டிலுக்குப் பின்னாடி போர்வைக்குள்ள கெடந்தா! ஒண்ணும் ஆகல நீவெஸ்!"

லீவியா மாடியில் இருமினாள்.

நீவெஸ் கையை எடுக்கப் பார்த்தாள். பாதத்தின் விரல்கள் விரிந்தன. நீண்டன. அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டன. மற்றக் கையால் புகைபோக்கியின் விளிம்பைப் பற்றினாள். பிடி வழுக்கியது. அவள் முழங்கை புகைபோக்கிக்குள் போனது. பிறகு தோள்.

"மேல வாயேன்," ரொமானோவின் குரல் கொஞ்சலாக இறங்கி வந்தது. "பாப்பா ஒன்ன தேடுறா."

அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின.