சுற்றவிடும் பாதை

காலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்த ஓடைத் தவளைகள் மதியத்துக்கு மேல் சட்டென்று வாயை மூடிக்கொண்டன. வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கலையரசி நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். ஆனால் கல்வராயன் மலையின் உச்சி இருக்க வேண்டிய இடத்தில் சாணிக் கரைசல் நிறத்தில் மேகம் உட்கார்ந்திருந்தது. அது மேலே உட்கார்ந்தால், கீழே ஒரு சொட்டு விழாவிட்டாலும் ஓடையில் தண்ணீர் வரும். அடிவாரத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

"அக்கா, திரும்பாதீங்க. அப்படியே இருங்க."

கேட்டுக்கு வெளியே ஒரு பெண் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த வெயிலில் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தாள். பக்கத்தில் தாடி வைத்த ஒருவன். முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த சேலையைக் கலையரசி இழுத்துவிடுவதற்குள் அந்தப் பெண் படம் எடுத்து முடித்திருந்தாள்.

"செம நேச்சுரலா இருக்கு" என்று அவனிடம் போனைக் காட்டினாள். பிறகு, சிரித்த வாய் மூடாமலே கேட்டாள். "அக்கா, ஃபால்ஸ் எந்தப் பக்கம்?"

கோமுகி அணையைத் தாண்டி மலைக்குப் போகிற ரோட்டில் கலையரசியின் வீடுதான் கடைசி. அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் அருவிக்கு. இடது பக்கம் மூங்கில் புதருக்குள் இறங்கி, ஓடையைக் கல்லுக்குக் கல் தாண்டி, வீணாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பஸ் நிறுத்தத்துக்கே வந்து சேரும். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை இந்த ஊருக்கு வந்தால் போதும். அருவி பார்க்க வருகிறவர்கள் மரவள்ளிக் கொல்லையில் காரை ஏற்றுவார்கள். வீட்டுச் சுவரோரம் ஒதுங்குவார்கள். குடித்த பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்துச் சத்தம் கேட்டு ரசிப்பார்கள். அந்தக் கண்ணாடி கிழித்துத்தான் கலையரசியின் சினைப்பசு கால் அழுகிச் செத்தது. அதற்குப் பிறகு வழிகாட்டிப் பலகையை ஊரில் யாரோ பிடுங்கிப் போட்டார்கள். வழி கேட்டால் இடது பக்கம் கை காட்டுவது ஊர் வழக்கமாகிவிட்டது. சுத்த விடுவது என்று அதற்குப் பெயர். நாக்குத் தள்ள நடந்துவிட்டு வந்த இடத்துக்கே வந்து விழிப்பார்கள். ஊருக்கு அது ஒரு சின்னச் சிரிப்பு. ஆனால் உச்சியில் மேகம் நின்றால் மட்டும் யாரும் அப்படிச் செய்வதில்லை.

தவளைகள் நின்றது கலையரசிக்குத் தெரிந்துதான் இருந்தது. முழங்கால் தெரிய எடுத்த அந்தப் படமும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. போகட்டும், எவளோ ஒருத்தி நாலு இடத்தில் வழுக்கி விழுந்தால் என்ன என்று நினைத்தாள்.

சோப்பு நுரை வழிகிற கையைத் தூக்கி இடது பக்கம் காட்டினாள்.

*

மழை மலையிலிருந்து இறங்கி வந்து வீட்டின் தகரத்தில் கொட்டத் தொடங்கியபோது கரண்ட் போனது. பொழுது சாய நேரம் இருந்தும் வீட்டுக்குள் இருட்டு நுழைந்துவிட்டது. பின்னால் ஓடை இரைந்தது. கல் உருளும் சத்தம் தரை வழியாக ஏறி அவளுடைய உள்ளங்காலில் அதிர்ந்தது. ஈர மண்ணும் அழுகிய மூங்கில் இலையுமாக ஒரு வாடை சமையல்கட்டு வரைக்கும் வந்தது. அவள் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போயிருப்பார்கள். இந்நேரம் போயிருப்பார்கள்.

போன் அடித்தது. வேடியப்பன். கீழே செக்போஸ்ட்டில் தினக்கூலிக்கு நிற்கிற அவள் புருஷன்.

"கலை, பாதைய மூடியாச்சு. எல்லா வண்டியும் இறங்கிடுச்சு. ஒரு வெள்ளைக் காரு மட்டும் நிக்கிது. மஞ்ச கோட்டு போட்ட பொண்ணு, கூட ஒரு பையன். நம்ப வூட்டாண்ட பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஓடைப் பக்கம் போனாங்க."

"ஓடைக்கா? இன்னாடி சொல்ற? மேல மேகம் நிக்க சொல்ல எவன் அனுப்புனான் அங்க?"

அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது.

"நீதானா?" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி, வுடு. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"நீங்க போவாதீங்க. தண்ணி ஜாஸ்தியா இருக்குது. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுங்க."

"கள்ளக்குறிச்சியிலருந்து அவங்க வந்து சேர்றதுக்குள்ள... நம்ப பண்ணதுக்கு நம்பதான போவணும். வூட்டுல இரு."

வாசலுக்குப் போய்ப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாத இரண்டு பேருக்காக இல்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது.

*

"அக்கா, ஃபால்ஸ் எந்தப் பக்கம்?"

மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் மட்டும் காதோரம் பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

கலையரசி ஓடிவந்தாள். கேட்டுக்கு வெளியே மஞ்சள் கோட்டும் தாடிக்காரனும் நின்றார்கள். அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அழுகை வந்துவிட்டது.

"வந்துட்டீங்களா, மவராசி! உள்ள வாங்க. உங்களத் தேடித்தான் எங்க வூட்டுக்காரரு ஓடைக்குப் போய்க்கினு இருக்காரு. இருங்க, போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அவர்கள் அசையவில்லை. போனை எடுத்து வேடியப்பனுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள். காதில் போனை வைத்துக்கொண்டே அவர்களைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. அவ்வளவு மழை விழுந்தும் அந்தக் கோட்டின்மேல் சத்தமே இல்லை. கோட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அது மழைத் தண்ணீர் இல்லை. செம்மண் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. தாடிக்காரன் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது.

"அருவியும் வேணாம் ஒண்ணும் வேணாம். உங்க காரு கீழ நிக்கிது, போங்க" என்று ரோட்டைக் காட்டினாள்.

இருவரும் அவள் காட்டிய கையைப் பார்த்தார்கள். பிறகு ஒருசேரத் திரும்பி, இடது பக்கம் நடந்து மூங்கிலுக்குள் இறங்கினார்கள்.

"அய்யோ, அங்க இல்ல!"

கேட்டைத் திறந்து நாலடி ஓடினாள். பாதையில் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் வந்திருந்தது. ஓடையின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்து கேட்டைச் சாத்தியபோது, பின்னால் குரல்.

"அக்கா, ஃபால்ஸ் எந்தப் பக்கம்?"

அதே இருவர். போன பாதையிலிருந்தே மேலேறி வந்து நின்றார்கள். அதே சிரிப்பு, மதியம் சிரித்த அதே அளவு. பக்கத்தில் வந்திருந்ததால் வாடை அடித்தது. அழுகிய மூங்கில் இலை. பாசி.

"வலது பக்கம்" என்றாள். "சத்தியமா வலது பக்கம். மதியம் பொய் சொல்லிட்டேன். தப்புதான். மன்னிச்சிடுங்க."

அவர்களுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. சொல்லுக்காக அவர்கள் நிற்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கலையரசி உள்ளே ஓடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே பாவி என்று தன்னையே வைதாள். குலசாமியைக் கூப்பிட்டாள். செத்துப்போன பசுவைக்கூட ஒரு நொடி நினைத்தாள். அவனை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிடு. அவனை மட்டும்.

ஜன்னல் கம்பிக்கு அப்பால் மஞ்சளாக ஒன்று வந்து நின்றது.

போன் அடித்தது. வேடியப்பன். ஈர விரலுக்குப் பச்சைப் பொத்தான் நழுவியது. மறுபடி அழுத்தினாள். முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு அவன் குரல், கத்திக்கொண்டு.

"கலை! கேக்குதா? ஆள் கெடச்சிடுச்சு!"

"எங்க? எங்க இருக்கீங்க?"

"ஓடையிலதான். மஞ்ச கோட்டு புங்கமரத்து வேர்ல சிக்கிக்கினு இருக்குது. பொண்ணு உள்ளதான் இருக்குது, கைய ஆட்டுறாப்புல தெரியுது. எறங்கிப் பாக்கறேன்."

ஜன்னலில் நின்ற மஞ்சள் மெல்ல ஒரு கையைத் தூக்கி ஆட்டியது.

"எறங்காதீங்க! எறங்காதீங்க, அது பொண்ணு இல்ல, அது இங்க..."

தண்ணீர்ச் சத்தம். கல் உருளும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

*

மழை விட்டது. தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஜன்னலில் யாரும் இல்லை. கலையரசி கதவோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே நடை. தண்ணீரில் ஊறிய கால் சதக் சதக்கென்று மிதிக்கிற நடை. அந்த நடை அவளுக்குத் தெரியும். இடது காலைச் சற்றே இழுத்து வைக்கிற நடை. எத்தனை சாயங்காலம் கேட்டது.

தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு ஓடினாள். செருப்பில்லை. முந்தானை சரிந்து கிடந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம். அதற்குப் பின்னால் காக்கிச் சட்டை. அவனேதான்.

"வந்துட்டீங்களா!"

கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் திறக்கவில்லை. அவன் பார்வை அவளிடம் நிற்காமல் வீட்டையும் குழாயடியையும் புதிதாகப் பார்ப்பது போல் மெல்ல மேய்ந்தது. டார்ச்சின் கண்ணாடிக்குள் தண்ணீர் ததும்பியது.

பாசி வாடை.

பிறந்ததிலிருந்து அருவி என்று மட்டுமே சொன்ன வாய் சிரித்தது.

"அக்கா, ஃபால்ஸ் எந்தப் பக்கம்?"

அவனுக்குப் பின்னால் தாடிக்காரன் நின்றான். அவனுக்குப் பின்னால், பாதை வளைவு வரைக்கும், ஓடை எப்போதோ கொண்டுபோனவர்கள் போல, அவள் பார்த்தே இராத ஈரத் தலைகள். எல்லாம் அவள் கையையே பார்த்தன.

கையைச் சேலைக்குள் சுற்றினாள். முடிச்சுப் போல இறுக்கினாள். கை கேட்கவில்லை. அதுவாகவே உருவிக்கொண்டு எழுந்தது. இடது பக்கம் நீண்டது. விரல் நுனியில் சோப்பு நுரை வழிந்தது.

வேடியப்பன் தலையாட்டினான். நன்றி சொல்வது போல. திரும்பினான்.

தாடிக்காரனின் பக்கத்தில் மஞ்சள் கோட்டு போனைத் தூக்கிப் பிடித்தது.

"அக்கா, அப்படியே இருங்க."