மூன்று மிஸ்டு கால்

ஓமந்தூர் சாலையில் இருந்த பழைய ரைஸ் மில்லின் தகரக் கதவை மணிமாறன் தள்ளியபோது மணி பன்னிரண்டு. மில் ஓடி ஏழெட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் தவிட்டு வாசனை மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் திண்டிவனத்து ஆபீஸ் ஒன்று, புறப்படப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுக்க அந்த இடத்தைப் பிடித்துப் போட்டிருந்தது. போன இடத்தில் பத்திரமாக இருப்பது எப்படி என்று நானூறு பேருக்காவது மணிமாறன் அங்கே பாடம் நடத்தியிருப்பான். அவன் போன அதிகபட்ச தூரம் திருப்பதி. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அன்று வந்தவர்கள் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, பட்டியலைப் பிரித்துப் பெயர் வாசித்தான். கடைசிப் பெயரில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

துர்கா. கணவர் பெயர், லேட் வீரமுத்து. மரக்காணம் பக்கம்.

"வந்திருக்கேன்ண்ணா" என்றாள் அவள். முகத்தில் வெயில் ஏறிக் கறுத்திருந்தது. அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மில்லில், இதே வகுப்பில் வீரமுத்து உட்கார்ந்திருந்தான். குவைத்தில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போனான். போன நாலாம் மாதம் படகு கடலில் மூழ்கியது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

மணிமாறன் வகுப்பை ஆரம்பித்தான். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. ஜெராக்ஸ் ஒன்று வீட்டில், போட்டோ ஒன்று போனில். படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. எம்பசி நம்பரைப் போனில் ஏற்றினால் போதாது, மனப்பாடமாக இருக்க வேண்டும், போனையே பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

எல்லாம் சொன்னான். கடைசி விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டு, பைலை மூடினான்.

"ண்ணா, அந்த மிஸ்டு கால் சமாச்சாரம் சொல்லலியே?" என்று கேட்டாள் துர்கா.

அது அவனே கண்டுபிடித்த ஏற்பாடு. முதலாளி பக்கத்தில் நின்றால் வாய் திறந்து பேச முடியாது, விரலால் அழுத்த முடியும். தினமும் ஒரு மிஸ்டு கால் வந்தால் நலம். அடுத்தடுத்து மூன்று வந்தால் ஆபத்து, உடனே அவன் எம்பசிக்குப் பேசுவான். ஆபீஸில்கூட இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறான்.

துர்காவே மற்றவர்கள் பக்கம் திரும்பி விளக்கினாள். "மூணு அடிச்சா போதும், அண்ணன் பாத்துக்குவாரு. எங்க வூட்டுக்காரருக்கும் இதேதான் சொல்லிக் குடுத்தாரு. அந்த மனுசன் அப்புடி அடிச்சிருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருக்கும். அடிக்கத் துப்பில்ல. ரெண்டு வருசமா அத்தத் திட்டிக்கினுதான் சோறு துன்றேன்."

மணிமாறனின் காது சுட்டது.

வீரமுத்து அடித்திருந்தான்.

மூன்று முறை. மதியம் ஒன்று பத்துக்கு. அன்று மணிமாறனின் மகளுக்குக் காதுகுத்து. போன் சைலண்ட்டில் கிடந்தது. சாயங்காலம்தான் பார்த்தான். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் சாமியானாக்காரன் வந்தான், சமையல்காரன் வந்தான், மறந்தே போனான். மூன்றாம் நாள் செய்தி வந்தது. ஓட்டைப் படகில் ஏற மாட்டேன் என்று வீரமுத்து தகராறு செய்தானாம். ஒரு மணி நேரம் கரையில் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றானாம். எதற்கு நின்றான் என்று கூட வேலை செய்தவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் ஏற்றிவிட்டார்கள்.

எதற்கு நின்றான் என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் துர்காவிடம், "எனக்கு ஒரு காலும் வரலம்மா" என்று சொல்லிவிட்டான். அன்றிரவு சாப்பிடவும் செய்தான்.

"உங்க நம்பர் சொல்லுங்கண்ணா, எழுதிக்கிறோம்." துர்கா நோட்டைப் பிரித்தாள்.

அப்போதுதான் அந்த நெடி வந்தது. தவிட்டு வாசனையை அமுக்கிக்கொண்டு டீசல் நெடி. அதற்கு அடியில் உப்புத் தண்ணீரில் ஊறிய வலையின் வீச்சம். மில்லில் டீசல் கிடையாது. கடல் வெகுதூரம்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

ஒரு தரம் அடித்து நின்றது.

வகுப்புக்கு முன்னால் சைலண்ட்டில் போட்டது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. எடுத்துப் பார்த்தான். 'வீரமுத்து குவைத்' என்று காட்டியது. மணி ஒன்று பத்து.

மறுபடி அடித்தது. நின்றது.

பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நம்பருக்காகக் காத்திருந்தார்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது.

பதிமூன்றாவது.

அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தலை கவிழ்ந்திருந்தது. சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தேகம் கேட்கிற மாணவனைப் போல மெதுவாகக் கையைத் தூக்கினான். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

மூன்றாவது முறை அடித்தது.

"எடுண்ணா... எடு..." 

குரல் காதுக்குள்ளேயே கேட்டது. மணிமாறனுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"துர்கா... அடிச்சான்ம்மா."

"யாரு?"

"உன் வூட்டுக்காரன். மூணு தபா அடிச்சான். நான்தான் எடுக்கல. வரலன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

துர்கா கத்துவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தான். கழற்றியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி மணிக்கு?"

"ஒன்னு பத்துக்கு."

"அந்நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"பந்தி... பந்தி நடந்துது. பாப்பாவுக்குக் காதுகுத்து."

"சாப்ட்டீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சாப்ட்டேன்ம்மா."

அவள் நோட்டில் மணிமாறன் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். அதன்மேல் ஒரு கோடு போட்டாள். கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள். மற்ற பதினோரு பேரும் தங்கள் நோட்டில் அப்படியே கோடு போட்டார்கள். பிறகு, "அந்த மனுசன அநியாயமாத் திட்டிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்தாள்.

"எம்பசி நம்பர் சொல்லுங்க. மனப்பாடம் ஆவற வரைக்கும் சொல்லுங்க."

அவன் சொன்னான். பன்னிரண்டு பெண்களும் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாம் முறை சொல்லும்போது அந்தக் குரல்களுக்குப் பின்னால் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. கரகரத்த ஆண் குரல். ஒவ்வோர் எண்ணாக, தடுமாறித் தடுமாறி, மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

துர்கா சட்டென்று நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, நோட்டை மூடினாள். எழுந்து போனாள்.

அடுத்த மாதம் அவள் குவைத் போய்விட்டாள். மணிமாறனின் நம்பர் அவளிடம் இல்லை. ஆனால் அவள் விமானம் ஏறிய மறுநாளிலிருந்து, தினமும் மதியம் ஒன்று பத்துக்கு அவன் போன் ஒரு தரம் அடித்து நிற்கும். செத்தவனின் நம்பர். திருப்பி அடித்தால் அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொல்லும். மணிமாறன் அந்த நேரத்தில் சாப்பிட உட்காருவதை விட்டுவிட்டான். போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். ஒன்றோடு நின்றால் மூச்சு வரும். அவள் நன்றாக இருக்கிறாள்.

நேற்று மில்லில் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்று பத்து.

ஒன்று அடித்தது.

இரண்டாவதும் அடித்தது.

மூன்றாவதற்கு அவன் காத்திருக்கவில்லை. எம்பசி நம்பரை அழுத்தினான். ஓர் எண்கூடத் தப்பவில்லை. துர்காவின் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், வேலை செய்கிற வீட்டு விலாசம், எல்லாவற்றையும் பைலைப் பார்த்துச் சொன்னான். அவளுக்கு ஏதோ ஆபத்து, ஜல்தி யாரையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினான்.

எதிர்முனையில் தமிழ் பேசும் அதிகாரி பொறுமையாகக் குறித்துக்கொண்டார். "சரிங்க, ஆள் அனுப்பறோம். ஆபத்துன்னு உங்களுக்குத் தகவல் குடுத்தது யாரு?"

மணிமாறன் பைலை மூடினான்.

"அவங்க வூட்டுக்காரருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினான். அடுக்காமல் ஒரே ஒரு நாற்காலி பாக்கியிருந்தது. அது காலியாகத்தான் இருந்தது. அதன் கீழே தவிட்டுத் தூசியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.