கணவாய்க் கொட்டகையின் தாழ்ப்பாள்

பல் டாக்டரும் அவருடைய மைத்துனனும் கணவாயின் உச்சியில் இருந்த கல் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது பட்டப்பகலில்தான். ஆனால் வானம் கரி பிடித்த சட்டியைக் கவிழ்த்தாற்போல் இருந்தது. காற்று ஆளின் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. ஆலங்கட்டி ஒவ்வொன்றும் கடைவாய்ப் பல் அளவு. டாக்டர் இத்தனை வருடமாகப் பிடுங்கியதெல்லாம் ஒன்றுசேர்ந்து திரும்பி வந்து அவர் தலையிலேயே விழுவது போலிருந்தது.

மைத்துனனின் முதுகுப் பையைப் பார்த்தால், அவன் வீட்டில் விட்டுவிட்டு வந்தது சுவர்களை மட்டும்தான் என்று தோன்றும். கால் கொப்புளத்தைப் பற்றி வழி நெடுக அவன் புலம்பிய புலம்பலில் மலையே காதைப் பொத்திக்கொண்டிருக்கும். தம்பியைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றதால்தான் டாக்டர் வந்தார். இல்லையென்றால் இந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார்.

இந்த நெடும்பாதையில் நடப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புயல் நேரத்தில் கொட்டகைக்குள் முதலில் போனவர் தாழ் போடக் கூடாது. கதவருகே நின்று, “திறந்துதான் இருக்கு, வாங்க” என்று அடிக்கடி குரல் கொடுக்க வேண்டும். மூட்டத்தில் கண் தெரியாமல் தடுமாறுபவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வார்.

போன வருடம் டாக்டரோடு நடந்தவர் ஒரு தையல்காரர். ஒல்லி உடம்பு, ஓயாத வாய். அன்றைக்கும் புயல். பிய்ந்த பூட்ஸைத் தைத்துக்கொண்டு அவர் பின்தங்கிவிட, டாக்டர் முந்திக்கொண்டு இதே கொட்டகைக்குள் நுழைந்தார். காற்றில் கதவு திறந்து திறந்து அடித்துக்கொண்டது. குளிர் தாங்கவில்லை. தாழைப் போட்டார்.

பிறகு கதவு தட்டப்பட்டது.

காற்றுதான் தட்டுகிறது என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். காற்று ‘டாக்டரே’ என்று கூப்பிடாது என்பது அவருக்குத் தெரியும். கொட்டகைக்குச் சற்றுக் கீழே விறைத்துக் கிடந்த உடலை மறுநாள் மீட்புக் குழு தூக்கியபோது, கதவு திறந்துதான் இருந்தது, அவர் வேறு வழியில் போய்விட்டார் போலிருக்கிறது என்று டாக்டர் அழுதார். கண்ணீர் அசல் கண்ணீர். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

இப்போது கதவுக்குப் பத்தடி தூரத்தில் நிற்கும்போது, உள்ளிருந்து குரல் வந்தது.

“திறந்துதான் இருக்கு, வாங்க.”

மைத்துனனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டருக்கு இருந்த உயிர் போயிற்று. தையல் மெஷின் எண்ணெயின் வாடை மழையையும் மீறி மூக்கில் ஏறியது.

“மாப்ளே, இங்க வேண்டாம். கீழ இறங்கிடலாம்.”

“இந்தக் காத்துல இறங்கினா அக்காவுக்கு என் சட்டை மட்டும்தான் போய்ச் சேரும் மாமா. நீங்க வேணா நல்லா காத்து வாங்கிட்டு வாங்க.”

அவன் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

இரும்பு உரசும் சத்தம்.

தாழ்.

டாக்டர் ஓடிப்போய்த் தட்டினார். உள்ளே மைத்துனன் யாரிடமோ கொப்புளக் கதையை ஆதியிலிருந்து தொடங்கியிருந்தான். நடுவில் நிறுத்திக் கேட்டான்.

“யாரோ தட்டறாங்களே?”

“காத்துதான் தட்டுது. நீங்க படுங்க.”

“எங்க மாமா எங்கங்க?”

“அவர் வேற வழியில போயிட்டார்.”

டாக்டர் குத்தினார், உதைத்தார், முட்டினார். விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. ஊரையே வாயைத் திறக்கச் சொன்ன மனிதர், ஒரு கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினார். தையல்காரரின் காலில் விழுவதாகச் சொன்னார். நடந்ததை எல்லாரிடமும் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

பலகைக்கு அந்தப் பக்கம், அவர் காதுக்கு நேராக, ஒரு முணுமுணுப்பு.

“திறந்துதான் இருக்கு, டாக்டரே.”

தள்ளிப் பார்த்தார். கதவு அசையவில்லை.

விடிந்து புயல் ஓய்ந்தபின் மேலே வந்த மீட்புக் குழு, கதவடியில் சுருண்டு கிடந்த டாக்டரைக் கண்டது. உயிர் இருந்தது. உதடு அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. மைத்துனன் கொட்டாவி விட்டபடி வெளியே வந்து பதறிப்போனான். கதவுக்குத் தாழ்ப்பாளே போடவில்லை என்று அடித்துச் சொன்னான். வேண்டுமானால் அவரைக் கேளுங்கள் என்று உள்ளே கைகாட்டினான். குழு எட்டிப் பார்த்தது. கொட்டகை காலி.

டாக்டரை ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். மைத்துனன் கூடவே நடந்தான். அவ்வப்போது, ஆளில்லாத தன் இடப்பக்கம் திரும்பி, பார்த்து வரச் சொன்னான், வழுக்கும் என்றான். பிறகு டாக்டரின் முகத்தருகே குனிந்தான்.

“அவரும் நம்ம வீட்டுக்குத்தான் வர்றார் மாமா. அக்காகிட்ட ஏதோ சொல்லணுமாம்.”

டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கட்டியிருந்த பட்டை கழுத்தை இறுக்கியது.

செங்குத்தான இறக்கத்தில் ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம் திடீரென்று தாழ்ந்தது. பிடித்திருந்தவன், இதென்ன இப்படிக் கனக்குது என்று பல்லைக் கடித்தான்.

“கொஞ்சம் காலை மடக்கிக்குங்க மாமா,” என்றான் மைத்துனன். “பாவம், அவரால நடக்க முடியலையாம்.”