சுனையில் இறங்கியவர்கள்

இருவரும் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் யாரோ மெல்ல இறங்கி அமர்ந்ததுபோல, சுனையின் வெந்நீர் கல்விளிம்பைத் தாண்டிப் பனியில் வழிந்தது.

"நீங்க காலை நீட்டினீங்களா?" என்று கேட்டாள் சிகுசா.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். விரலக்கூட ஆட்டல," என்றான் அவள் கணவன் கெங்கோ, கண்ணைத் திறக்காமலே.

முப்பத்தொரு வருடம் படகுத்துறையில் கயிறு இழுத்தவன். ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த மலைவிடுதிக்கு அவளை அழைத்து வந்திருந்தான். இருவரும் சேர்ந்து வந்த முதல் பயணம். மாலை நான்கு மணிதான். தேவதாரு மரங்களிலிருந்து பனி பொத்தென்று சரியும் ஓசையும், கீழே ஆற்றின் இரைச்சலும், அவித்த முட்டை வாடையோடு மூக்கில் ஏறும் கந்தக நெடியுமாக, சுனையின் மறுகரைப் படிகள்கூடத் தெரியாதபடி நீராவி அடர்ந்து கிடந்தது.

மறுபடி வழிந்தது. இம்முறை அதிகமாக.

"வேற யாரோ வந்திருக்காங்க," என்றாள்.

"வந்தா ஒரு வார்த்தை சொல்லாமலா இறங்குவாங்க? டோக்கியோக்காரனா இருந்தா உண்டு."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"சிகுசா. இது உன் கையா?"

அவளுடைய இரண்டு கைகளும் விளிம்புக் கல்லின்மேல் இருந்தன.

"என் கை இங்க இருக்கு."

அவன் தலை நீருக்குள் போனது. ஒரு சத்தமும் இல்லை.

பாய்ந்தாள். முடியைப் பற்றினாள். வழுக்கியது. தாடையைப் பிடித்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கொதிக்கும் நீரில், சில்லென்று ஒரு கை. விளிம்பில் கிடந்த மரவாளியை எடுத்து அதன்மேல் அடித்தாள். எலும்பு நொறுங்கியது. மீண்டும் அடித்தாள். வாளி பிளந்தது. குனிந்து கடித்தாள். தாடையை விட்டது. கீழே இன்னொன்று விடவில்லை. ஈரத்துணி கிழிவதுபோல் ஏதோ நீளமாகக் கிழிந்தது.

தண்ணீர் சிவந்தது.

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வந்துவிட்டான். குழந்தையைத் தூக்குவதுபோல், அவ்வளவு இலேசாக.

பனியில் கிடத்தினாள். இடுப்புக்குக் கீழே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. முகம். முகத்தை மட்டும்.

"வலிக்குதாங்க?"

"இல்லையே," என்றான், குழப்பமாக. "காலுதான் குளிருது. பனியில வெறுங்காலோட நடக்கிற மாதிரி."

காற்று நீராவியை விலக்கியது.

மறுகரைப் படிகளில், சொட்டச் சொட்ட, அவன் கால்கள் ஏறிக்கொண்டிருந்தன.