தீர்த்தம் தெளித்த வலை

வலையின் சன்னலோரத் தக்கை மட்டும் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

எவாந்தியா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அதை மேலே தள்ளிவிட்டாள். காலையிலும் இதையேதான் செய்திருந்தாள். உத்தரத்துக் கொக்கிகளில் மேல்கயிற்றை அவளேதான் இழுத்துக் கட்டியிருந்தாள். கயிறு தளரவில்லை, கொக்கி வளையவில்லை. தக்கை தாழ்ந்தால் வலையில் மீன் என்று இந்தத் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இது கடல் இல்லை. துறைமுகத்துப் பழைய ஐஸ் ஃபாக்டரி. ஈரம் என்று பார்த்தால் அவளுடைய காபிக் கோப்பையின் அடியில் கொஞ்சம் இருந்தது.

யாரோ எப்போதோ விரிகுடாவில் அறுத்துவிட்டுப் போன வலை அது. கேட்க ஆளில்லாமல், கடலடியில் பல வருடம் தன் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே கிடந்தது. ஆமை ஓடும் நீர்க்காக்கை எலும்பும் சிக்கியிருந்த அதை, முக்குளிப்பவர்களை வைத்து அப்படியே எடுத்து, கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டிருந்தாள். இதைப் பார்த்தால் மனம் மாறி விரிகுடாவில் வலை போடுவதை நிறுத்துவார்கள் என்பது அவள் கணக்கு. ஊரின் கணக்கு வேறு. எவாந்தியாவைக் கெட்டவள் என்று ஒருவரும் சொன்னதில்லை. எதிரே வருவதைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஏதென்ஸ்வரை போய்ப் படித்தவள் குப்பையைக் கொண்டுவந்து மாட்டுவானேன் என்று மீன் சந்தையில் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். கண்காட்சிக் கூடத்துக்குள் வந்தவர்கள் சுற்றுலாக்காரர்கள் மட்டும். அவர்களும் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள்.

மாதா திருநாள்வரை பார்ப்போம், கூட்டம் வராவிட்டால் கட்டடம் ஐஸ்கிரீம் கடைக்கு என்று நகரசபை சொல்லிவிட்டது. திருநாள் இன்றைக்கு.

திறப்பு நாளை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். கடையோ படகோ பல் வைத்தியர் அறையோ, இங்கே எதைத் திறந்தாலும் பாதிரியார் வந்து துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளித்தாக வேண்டும். அகாத்தோன் பாதிரியாருக்குக் கண் மங்கல். எதிரே தொங்கியதைத் தடவிப் பார்த்தார். பழக்க தோஷம், புது வலைக்கான செபத்தை ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தார். இது வெறுமையாய் இராதிருக்கட்டும், நிறையட்டும், நிறைந்துகொண்டே இருக்கட்டும்.

"சாமி, இது மீன் பிடிக்கிற வலை இல்ல. பிடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு வச்சிருக்கேன்."

"வலைன்னா வலைதாம்மா. நல்லா நிறையும், போ."

"அந்தச் செபத்தைத் திருப்பி எடுத்துக்க முடியாதா?"

"நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன், திருப்பி எடுக்க?"

அன்றைக்கு வந்திருந்த ஒரே உள்ளூர்க்காரன் எதிர்க் காபிக்கடை லாம்ப்ரோஸ், அதுவும் ஓசி பிஸ்கட்டுக்கு. அவன் காதில் விழுந்தது தீவைச் சுற்றி வர எவ்வளவு நேரம் ஆகும்?

அதே லாம்ப்ரோஸ்தான் இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஊரே சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கப் போகும் நேரத்தில், கதவில் தலையை நீட்டினான்.

"மரீதா இந்தப் பக்கம் வந்துச்சா? நேத்துலேர்ந்து காணோம்."

"உன் பூனைக்கு நான் காவலா?"

"கோவிச்சுக்காத தாயி. சாயங்காலம் பாரு, ஊர்வலத்துக்கு முன்னாடி எல்லாரும் வராங்க. சாமி மந்திரிச்ச வலை நிறைஞ்சிருக்கான்னு பாக்கணுமாம்."

"சிரிக்கிறதுக்கா?"

"சிரிக்கத்தான். ஆனா வராங்கல்ல?"

அவன் போனதும் துறைமுகம் அடங்கியது. எந்த வீட்டுக் கதவையும் யாரும் தட்டக் கூடாத அந்த நேரத்தில், மூடிய சன்னல் பலகையின் இடுக்கு வழியாக வந்த வெயில் கோடுகள் தரையில் கிடக்க, எங்கோ கயிறு மரத்தில் உரசுவதுபோல ஒரு முனகல் மெல்ல எழுந்து அடங்கி மறுபடி எழ, அதுவரை தூசி வாடை மட்டுமே இருந்த கூடத்தில், படகை அப்போதுதான் கரையேற்றியதுபோலப் பாசியும் உப்பும் மணக்கத் தொடங்கின. வலை அசையவில்லை. சுவரில் விழுந்த அதன் நிழல் மட்டும் இடமும் வலமுமாக நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது, அலைக்கு ஆடுவதுபோல.

சன்னலோரத் தக்கை மறுபடி தாழ்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, அவள் முகமட்டத்தில், மரீதா.

பூனை தொங்கவில்லை. எதிலும் சிக்கவும் இல்லை. கண்ணிகளுக்கு நடுவே, நான்கு கால்களும் தளர, சும்மா இருந்தது. நூல் அதன் மேல் படவேயில்லை. மயிர் முழுக்க மேல்நோக்கிச் சிலிர்த்து மெதுவாக அலைந்தது. கண் திறந்திருந்தது. வாய் திறந்தது, மூடியது. சத்தமில்லை.

எவாந்தியா கையை நீட்டினாள். வலைக்குள் போன விரல் சில்லிட்டது. பிறகு மணிக்கட்டு. ஏதோ ஒன்று கையை உள்ளே இழுத்தது, அவசரமில்லாமல். பதறிப் பிடுங்கிக்கொண்டாள். முழங்கைவரை சொட்டச் சொட்ட ஈரம். நக்கிப் பார்த்தாள்.

உப்பு.

மேசையில் கத்தி இருந்தது. மேல்கயிற்றை அறுத்தால் போதும். எல்லாம் குவிந்து கீழே விழும். கண்காட்சி முடியும். ஐஸ்கிரீம் கடை வரும். வரட்டும். நாற்காலியில் ஏறினாள். கத்தியைக் கயிற்றில் வைத்தாள். ஒரு இழை போனது. இரண்டாவது.

எவ்வளவு நேரம் அறுத்தாளோ, ஈரக் கயிறு அறுபடவில்லை. இடுக்கு வெயில் சிவந்துவிட்டது. வெளியே பேச்சுக் குரல்கள்.

"என்னடி எவாந்தியா, மீன் என்ன விலை?"

"நெத்திலி இருந்தா நமக்கும் கொஞ்சம் எடுத்து வை."

சிரிப்பு. செருப்புச் சத்தம். கதவிடுக்கில் திருநாள் மெழுகுவர்த்திகளின் வெளிச்சம். ஒருவர் இருவர் இல்லை. படகுக்காரர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், சந்தில் திரும்பிக்கொள்கிறவர்கள், அத்தனை பேரும். திறந்த நாளிலிருந்து அவள் கேட்டது இதைத்தான். வந்து நின்று ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரே ஒருமுறை.

கத்தி அவள் கையிலேயே இருந்தது.

இறங்கினாள். கத்தியைப் பாவாடை மடிப்பில் மறைத்தாள். போய்க் கதவைத் திறந்தாள்.

"வாங்க," என்றாள். "கிட்ட போய்ப் பாருங்க."

முதலில் போனவன் லாம்ப்ரோஸ். "ஐயோ, மரீதா," என்று கை நீட்டினான்.

தக்கை ஒன்று இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. அவனைப் பிடித்து இழுக்கப் போனவர்கள், அவர்களைப் பிடிக்கப் போனவர்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக, சீறாமல், புகையாமல் அணைந்தன. கூடம் நிறைந்திருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. கழிப்பறை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்களின் கூந்தல் கூரையை நோக்கி மெதுவாக எழுந்து விரிந்தது. கால்கள் தரையில் இல்லை. அத்தனை வாயும் திறந்தது, மூடியது, திறந்தது.

மேலே தக்கைகள் வரிசையாகத் தாழ்ந்துகொண்டு வந்தன. அவள் நின்றிருந்த கதவோரத்துத் தக்கை ஒன்றுதான் பாக்கி.

வெளியே இன்னும் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு வருவது கேட்டது. வராதீர்கள் என்று கத்துவதற்காக எவாந்தியா திரும்பினாள்.

அவள் பாவாடை விளிம்பு தானாக மேலே எழுந்து அலைந்தது.

வாய் திறந்தது. மூடியது.

திறந்தது.