முப்பத்தொன்றாம் கொக்கி

“...அதுல மட்டும் மாட்டாதீங்கன்னு சொல்றேன்ல!”

“குடைதானே மேடம்... கொக்கிக்கு வலிக்குமா என்ன?”

“அது காலியா இல்ல சார். நல்லாப் பாருங்க.”

பார்த்தான். சுவர் நெடுக எண் போட்ட இரும்புக் கொக்கிகள். கதவோரக் கொக்கிகளில் எல்லாம் பாட வந்தவர்களின் ஈரக் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்றில் மட்டும் ஒரு பித்தளை வில்லை. அதன் மேல்தான் அவன் தன் கறுப்புக் குடையை மாட்டியிருந்தான்.

“இது ஆயுதக் கிடங்கா இருந்தப்போ, துப்பாக்கி எடுக்கிற சிப்பாய் தன் வில்லையை அங்க மாட்டணும். துப்பாக்கியைத் திருப்பி வெச்சா வில்லையை எடுத்துக்கலாம். இந்த வில்லைக்குச் சொந்தக்காரர் யார்கிட்டயோ, ‘வந்துடறேன்’னு சொல்லிட்டுப் போனாராம்... இன்னும் வரல.”

அவன் குடையை எடுத்துக்கொண்டான். “சாரி... உங்களுக்குச் சொல்லணுமா, அவருக்கா?”

அவன் இமை நுனியில் மழைத்துளி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சிரிக்கிற கண்கள். பாட்டு டீச்சருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் அவன் கழுத்து அட்டையைப் படித்துவிட்டாள். கட்டட ஆய்வு இன்ஜினியர். இடிக்கலாமா, வேண்டாமா என்று எழுதப்போகிறவன்!

“இடிக்க வந்தவங்களுக்கு நாங்க நாற்காலி போடறதில்ல.”

“பரவால்ல. நின்னே பாக்கறேன்.”

படை போன பிறகு அந்தக் கிடங்கு ஊருக்கே பொதுவாகிவிட்டது. வெள்ளத்தில் ஜனங்கள் தங்கினார்கள். தடுப்பூசி போட்டார்கள். பூட்ஸ் தேய்த்த பள்ளங்களின் மேல் இறகுப்பந்துக்கு வெள்ளைக் கோடு இழுத்தார்கள். ஆறு வருடமாக, தினமும் மாலை நான்கு மணிக்கு அவளுடைய பாட்டுக் குழு. வேறு எங்கும் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இது போனால் குழுவும் போய்விடும்.

பாடத் தொடங்கினார்கள். அதுவரை சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன், பாட்டு முடிந்ததும் தலைகளை எண்ணினான்.

“பன்னெண்டு பேர்தானா?”

“ஆமா.”

“அப்ப கீழ் சுருதியில பாடற ஆள் எங்க நிக்கறார்?”

குழுவில் பாடும் தையல்கார அக்கா சட்டென்று டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பதின்மூன்றாவது குரல் குழுவுக்குப் பழகிப்போனது. ஆனால் வெளியாள் யாருக்கும் அது இதுவரை கேட்டதே இல்லை...

மறுநாள் வில்லையைக் காணவில்லை.

பாடிப் பார்த்தார்கள். பன்னிரண்டு குரல்தான். இத்தனை நாள் அந்தக் குரலுக்குப் பயப்படாத டீச்சர், அது இல்லாத இடைவெளியில் முதல்முறையாகப் பயந்தாள்.

“அந்த இன்ஜினியருக்குப் போன் போடேன்டி. நம்பரைக் குடுத்துட்டுத்தானே போனாரு?”

“நான் எதுக்குக்கா கூப்பிடணும்? வேணும்னா அவரே வரட்டும்.”

“அவர் வரணும்னு ஆசை இருக்கு, சொல்லத்தான் வாய் வரல!” என்றாள் அக்கா.

நான்காம் நாள், குழு வருவதற்கு முன்பே வந்தான். மழையோடு வந்தான். தூங்காத கண்கள் சிவந்திருந்தன. உள்ளங்கையில் வில்லை.

“அன்னிக்குக் குடையை எடுத்தப்போ மடிப்புல சிக்கியிருக்கு, நான் பாக்கல. மூணு நாளா என் வீட்டுல யாரோ பாடறாங்க டீச்சர்... கீழ் சுருதி மட்டும்.”

“பயந்துட்டீங்களா?”

“முதல் நாள் பயந்தேன். ரெண்டாம் நாள் தாளம் போட்டேன். நேத்து... மேல் சுருதியில உங்க குரல் இல்லையேன்னு அழுகையே வந்துடுச்சு.”

“முதல் நாளே வந்திருக்கலாமே?”

“நாற்காலிகூடப் போடலயே... ரோஷம்.”

அவள் போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டாள். அவன் உட்காரவில்லை. வில்லையை முப்பத்தொன்றில் மாட்டினான். என்றோ தீர்ந்துபோன துப்பாக்கி எண்ணெயின் வாசனை ஒரு கணம் எழுந்து அடங்கியது.

“ரிப்போர்ட் குடுத்துட்டேன். கூரையை மாத்தணும், மூணு மாசம் பூட்டணும். ஆனா இடிக்க வேண்டாம். சுவர் நெஜமாவே நல்லா இருக்கு. உங்களுக்காகப் பொய் எழுதல.”

“எழுதியிருந்தா எனக்குப் பிடிச்சிருக்காது.”

“அப்ப... இப்பப் பிடிச்சிருக்கா?”

அவள் மழையைப் பார்த்தாள். மழை உதவிக்கு வரவில்லை.

அவன் கழுத்து அட்டையைக் கழற்றி முப்பத்திரண்டாம் கொக்கியில் மாட்டினான்.

“ஐயோ, அது ஆபீஸ் அட்டை!”

“தொலைஞ்சுடுச்சுன்னு சொல்லிக்கறேன். இங்கருந்து ஒண்ணு எடுத்தா அடையாளம் வைக்கணும்ல?”

“என்ன எடுத்தீங்க?”

“உங்க குரலை. காதுக்குள்ளயே இருக்கு... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு டீச்சர். சுத்தி வளைச்சுச் சொல்லத் தெரியல.”

“எனக்கும்தான்...” சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அப்போது சுவருக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. பாட யாருமே இல்லாத கூடத்தில், மெல்ல, கீழ் சுருதியில். இருவருக்கும் கேட்டது. அவன் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. அவன் பேச வாயெடுத்ததும், ஒட்டுக்கேட்பது போல் பாட்டு பாதியில் நின்றது.

“நாளைக்குப் பாலம் வேலைக்கு வெளியூர் போறேன். மூணு மாசம்.”

காற்றே இல்லை. முப்பத்தொன்றாம் கொக்கியில் பித்தளை வில்லை ஆடத் தொடங்கியது.

“வந்துடறேன். அதுவரைக்கும்... என் அட்டையை யாரும் எடுக்காம பாத்துக்கறீங்களா?”